வேன் கிளம்பிய பிறகு அந்த மைதானம் யாருடையது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துத் திருச்சபைகள் பலவற்றின் வாசலில் கோடை ஊழியப் பதாகைகள் தொங்கும். சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி ஒருபுறம். இளைஞர்களுக்கான 'கிராம ஊழியம்' மறுபுறம். இந்தக் கிராம ஊழியத்தில் இப்போது கால்பந்தும் வாலிபாலும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஒரு போதகர் என இருபது பேர் ஒரு வேனில் ஏறி மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகிறார்கள். காலையில் பயிற்சி, மதியம் பாட்டும் வேதக் கதையும், மாலையில் போட்டி. கடைசி நாள் கோப்பை, ஒரே நிற டி-ஷர்ட், குழுப் புகைப்படம்.

இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். அமெரிக்கத் திருச்சபை இளைஞர்கள் கோடை விடுமுறையில் பந்து மூட்டையுடன் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய்ப் பத்து நாள் தங்கித் திரும்புவது பல பத்தாண்டுப் பழக்கம். கறுப்பினக் குழந்தைகள் சூழ நிற்கும் அந்தப் புகைப்படங்களை 'வெள்ளை மீட்பர்' மனநிலை என்று ஆப்பிரிக்க இளைஞர்களே கேலி செய்தார்கள். நாமும் அந்த மீம்களைப் பகிர்ந்து சிரித்தோம். செங்கல்பட்டு மாவட்டக் காலனி ஒன்றில் எடுக்கப்படும் இதே புகைப்படத்தைப் பார்த்து ஏனோ யாரும் சிரிப்பதில்லை. இங்கே தோலின் நிறம் ஒன்றாக இருப்பதால், வேனிலிருந்து இறங்குபவருக்கும் வரிசையில் நிற்கும் சிறுவனுக்கும் இடையே இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மதமாற்றம் பற்றிய புகார் அல்ல. ஒடுக்கப்பட்டவர் தன் கடவுளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை அம்பேத்கர் 1956-இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் நிறுவிக் காட்டினார். 'பந்தைக் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள்' என்று கூச்சல் போடும் சங்கிகளுக்குக் காலனிச் சிறுவனின் கையில் பந்து இருப்பதே உறுத்தல். என் கேள்வி அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பந்தைக் கொண்டுவருகிறீர்கள், நல்லது. அதை யாருடைய மண்ணில் உருட்டுகிறீர்கள்? நீங்கள் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது?

விளையாட்டும் மிஷனும் கைகோத்த வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895-இல் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் உடற்கல்விக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடன் பக்கும் சென்றார். நம் பள்ளிகளில் விசிலுடன் நின்ற எத்தனையோ 'பி.டி. சார்'களின் வேர் அந்த வளாகத்தில் இருக்கிறது. இன்று வாலிபால் தமிழ்நாட்டுக் கிராமங்களின் சொந்த விளையாட்டு. இரண்டு கம்பமும் ஒரு வலையும் இருந்தால் போதும், காலனியிலும் ஆடலாம். இந்தக் கொடையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் சாதியோடு மோதும்போது பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதற்கும் அதே 1891-இலேயே ஒரு சான்று இருக்கிறது. ஸ்ரீநகர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் டிண்டேல்-பிஸ்கோ, தன் மாணவர்களிடம் ஒரு கால்பந்தைக் காட்டினார். மாணவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரப் பார்ப்பனர்கள். பந்து தோலால் ஆனது என்று தெரிந்ததும், தொட்டால் தீட்டு என்று மறுத்துவிட்டார்கள். அவர் ஆசிரியர்களைத் தடிகளுடன் நிறுத்தி மாணவர்களை மைதானத்துக்கு ஓட்டிச் சென்றார். ஆட்டத்தின் நடுவே பந்து ஒரு மாணவன் முகத்தில் பட்டது. தீட்டாகிவிட்டதே என்று அவன் அழ, வாய்க்காலில் முகம் கழுவ வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மிஷனரி எழுத்துகளில் இது வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது.

வெற்றிதான். பார்ப்பனச் சிறுவன் தோலைத் தொட்டுவிட்டான். அந்தத் தோலை உரித்தவரும் பதனிட்டவரும் தைத்தவரும் எங்கே? அவர்களுடைய பிள்ளைகள் அந்த மைதானத்தில் இல்லை. ஒரு தீட்டு விதி தளர்ந்ததே தவிர, அந்த விதியால் யாருடைய வாழ்வு அடைக்கப்பட்டிருந்ததோ அவர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. ஆதிக்க சாதிகள் கால்பந்து ஆடக் கற்றுக்கொண்டன. சாதி அப்படியே இருந்தது.

இதே காலத்தில் நம் பகுதியில் வேறொன்று நடந்தது. இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. அதை நடத்தியது ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபை. முதல்வர் வில்லியம் மில்லரின் கொள்கை, உயர்சாதி இந்து மாணவர்களுக்குக் கல்வி கொடுத்தால் கிறித்துவ விழுமியங்கள் சமூகம் முழுக்கப் பரவும் என்பது. அதே திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் பறையர் குடியிருப்புகளில் வேலை செய்துகொண்டிருந்தார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தார். இவர்கள் கண்டது நிலமின்மையை. குடிசை நிற்கும் மண்கூடத் தனக்குச் சொந்தமில்லாதவன், மிராசுதாரை எதிர்த்து எதையும் செய்ய முடியாது. எதிர்த்தால் அன்றிரவே குடிசையை இழப்பான். இவர்கள் போன்றோர் எழுப்பிய குரலும் 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையும் சேர்ந்துதான் 1892 அரசாணைக்கு வழிவகுத்தன. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதன் விளைவு. தாம்பரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.

இவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. ஆத்மாக்களை அறுவடை செய்யும் கணக்கு அவர்களுக்கும் இருந்தது. ஆனாலும் ஒரே திருச்சபையின் இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, மனிதர்களின் மனத்தையும் உடலையும் பண்படுத்தினால் சாதி தானே கரையும் என்று நம்பியது. மற்றொன்று, சாதி எதன் மீது நிற்கிறது என்று தேடி நிலத்தில் போய் முட்டியது. முதல் வழி அழகான வளாகங்களை விட்டுச்சென்றது. இரண்டாம் வழி விட்டுச்சென்ற உரிமைக்காக ஒரு நூற்றாண்டு கழித்தும் உயிர்கள் போயின. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டனர். கிராம ஊழியத்துக்குப் போகும் வேன்கள் அந்தச் செங்கல்பட்டைத் தாண்டித்தான் போகின்றன. அந்தப் பெயர்களை வேனில் இருப்பவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

தாம்பரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும்கூட ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. உலகெங்குமிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் லுத்துலி. மிஷன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், குரூட்வில் மக்களின் தலைவர், கால்பந்துப் பித்தர். நேட்டாலில் கறுப்பின மக்களின் கால்பந்து அமைப்புகளைக் கட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவராகி, 1960-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசைப் பெற்றவர் அவரே.

மிஷன் கொண்டுவந்த பந்தை லுத்துலியின் மக்கள் என்ன செய்தார்கள் என்பது நாம் கற்க வேண்டிய பாடம். விளையாட்டால் நிறவெறி கரையும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நிறவெறி இருக்கும் மண்ணில் எந்த ஆட்டமும் நேர்மையான ஆட்டம் அல்ல என்று உலகத்துக்குச் சொன்னார்கள். இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை என்பது அங்கே ஒரு முழக்கமாகவே ஆனது. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்ற இந்தியா, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் இருந்தவர்கள் நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். கடல் கடந்த நிறவெறிக்கு எதிராகக் கோப்பையையே துறந்த நாடு இது. உள்ளூரில் எத்தனை கோப்பைகள் சாதியின் காரணமாகத் துறக்கப்பட்டிருக்கின்றன?

2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் காகோஷி கிராமத்தில், பள்ளி மைதானத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தின்போது ஒரு தலித் சிறுவன் பந்தை எடுத்துவிட்டான். அதில் தொடங்கிய தகராறில் அவனுடைய மாமாவின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. ஏகலைவன் கதையை நாம் சும்மா நினைவில் வைத்திருக்கவில்லை. 'அது வடக்கே' என்று சொல்ல நமக்கு வாயில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். இடதுகை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி வென்றதுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தினர்.

கவனியுங்கள். வெட்டு மைதானத்தில் விழவில்லை. போட்டி முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, நடுவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பேருந்தில் விழுந்தது. சாதி ஆட்டத்தின் நடுவே வந்து நிற்பதைவிட, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் காத்திருப்பதே அதிகம். பத்து நாள் ஊழியத்துக்குத் தெரியாமல் போவது இந்த வழிதான்.

என் ஆய்வுக்காக, தென்சென்னைப் புறநகர்த் திருச்சபை ஒன்றின் விளையாட்டுக் குழுவோடு ஒரு கிராமத்தில் நான்கு நாள் இருந்தேன். குழுவினர் அன்பானவர்கள். 'எங்களுக்குச் சாதி எல்லாம் கிடையாது, எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள்' என்று முதல் நாளே சொன்னார்கள். மைதானம் ஊர்த்தெருவை ஒட்டி இருந்தது. காலனி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. ஊர்ப் பிள்ளைகள் எட்டு மணிக்கு வந்தார்கள். காலனிப் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு அவர் தலையாட்டிய பிறகு, இரண்டாம் நாள் வந்தார்கள். கலந்து அணி பிரிக்கலாம் என்று பயிற்சியாளர் சொன்னார். அந்தப் பெரியவரே சிரித்துக்கொண்டு 'அவங்கவங்க பழகினவங்களோட ஆடட்டும் சார்' என்று பிரித்துக் கொடுத்தார். யாரும் மறுக்கவில்லை. விருந்தாளிகளாகப் போன இடத்தில் மறுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசி நாள் இறுதிப்போட்டி ஊர் அணிக்கும் காலனி அணிக்கும். காலனி அணியில் ஒரு பையன், பதினான்கு வயதிருக்கும், பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டது போல ஆடுவான். ஆட்டம் தொடங்கும் முன் அவனுடைய அப்பா வந்து அவனை அழைத்துப் போய்விட்டார். ஏன் என்று கேட்டேன். "தம்பி, நீங்கல்லாம் நல்ல மனசோட வந்திருக்கீங்க. இவன் கோல் போட்டா நீங்க கை தட்டுவீங்க, சாயங்காலம் வண்டி ஏறிடுவீங்க. நாளைக்குக் காலையில சொசைட்டியில பால் ஊத்த நான்தான் அந்தத் தெரு வழியா போகணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பொறுமையாகச் சொன்னார்.

அந்தப் பையனுக்குப் பந்து உதைக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஒழுக்கம், குழு உணர்வு, தன்னம்பிக்கை என்று துண்டறிக்கையில் அச்சடித்த எதுவும் அவனிடம் குறைவாக இல்லை. வென்றுவிட்டுப் பயமில்லாமல் வீட்டுக்கு நடக்கும் ஒரு தெரு அவனுக்கு இல்லை. அதைக் கொடுக்கும் திட்டம் எந்த வேனிலும் வரவில்லை.

'பத்து நாளாவது பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்களே, அதில் என்ன தவறு?' என்று கேட்பார்கள். சந்தோஷத்தில் தவறில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் வெறும் சந்தோஷமாக மட்டும் கழிவதில்லை. ஊர்ப் பெரியவரிடம் அனுமதி வாங்கி, அவர் பிரித்த அணிகளை ஏற்று, அவர் கையாலேயே கோப்பையும் கொடுக்க வைக்கும்போது, மைதானம் ஊருடையது என்பதற்குப் பட்டணத்திலிருந்து வந்தவர்களின் சாட்சியும் கிடைத்துவிடுகிறது. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்பவர்கள் உண்மையிலேயே சாதியைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

இந்தப் பார்வைக் குறைபாடு கிராமத்தில் தொடங்குவதல்ல. எறையூரில் கல்லறையும் சவ ஊர்வலப் பாதையும் தேவாலயத்தில் உட்காரும் இடமும் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை எதிர்த்துத் தலித் கத்தோலிக்கர்கள் 2008-இல் போராடியதும், அது வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முடிந்ததும் நமக்கு நினைவிருக்கும். 1950 குடியரசுத் தலைவர் ஆணையால், கிறித்துவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இன்றுவரை இல்லை. காலனியில் அதே வீட்டில், அதே தீண்டாமையில் வாழ்ந்தாலும் சட்டம் அவரைப் பார்ப்பதில்லை. இந்த அநீதியைப் பற்றி எத்தனை புறநகர்த் திருச்சபை இளைஞர் கூட்டங்கள் பேசுகின்றன? திருச்சபைத் தேர்தலில் சாதி அணிகள், திருமண விளம்பரத்தில் சாதிப் பெயர். முதல் ஊழியம் தன் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது.

வேதநாயகம் அசரியாவைத் திருச்சபை இளைஞர்களுக்குத் தெரியும். தென்தமிழ்நாட்டு வெள்ளாளன்விளையில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்தவர். பின்னாளில் தோர்ணக்கல் பேராயர். 1910 எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேராக அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், ஆனால் எங்களுக்குத் தேவை நண்பர்கள். அன்று வெள்ளையரிடம் தமிழர் கேட்டதை இன்று காலனி நம்மிடம் கேட்கிறது. நண்பன் என்றால் பிரச்சினை வரும் நாளில் கூட நிற்பவன்.

எனவே வேன் ஏறும் தோழர்களுக்குச் சில வேலைகள். போகும் கிராமத்தின் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டைப் பார்த்துக் கேளுங்கள். புறம்போக்கா, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா? பொது இடம் என்றால் அனுமதி கொடுக்க ஊர்ப் பெரியவர் யார்? தலித்துகளைப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தம் இதை விரிவாகவே சொல்கிறது. ஒருமுறையாவது ஆட்டத்தைக் காலனியில் வைத்து, ஊர்ப் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லுங்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதே ஓர் ஆய்வறிக்கை. கலந்த அணி இல்லையேல் போட்டி இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். போட்டியை ரத்து செய்வதும் ஒரு சாட்சியம்தான், 1974-இல் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற அணி செய்தது போல. கோப்பைக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஆகும் பணத்தில் காலனியைச் சேர்ந்த ஓர் இளைஞரை ஆண்டு முழுவதும் பயிற்சியாளராக வைக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். கடைசியாக, உங்கள் தொலைபேசி எண்ணை அந்த அப்பாவிடம் கொடுங்கள். ஜூலை மாதம் அது ஒலித்தால் எடுங்கள்.

தூரம் போகவும் வேண்டாம். சென்னை நதிக்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களைக் கொண்டுவந்து அடுக்கிய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தாம்பரத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுக்குப் போய், கபடியில் இந்திய மகளிர் அணியோடு தங்கம் வென்று திரும்பினார். பத்து நாள் முகாம் அப்படி ஒரு வீராங்கனையை உருவாக்காது. தினமும் திறந்திருக்கும் ஒரு மைதானமும், தினமும் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளரும், வென்றுவிட்டுத் தலைநிமிர்ந்து திரும்ப ஒரு தெருவும் வேண்டும். இந்தக் கோடைக்குப் பந்து வாங்கும் முன், இந்த மூன்றில் எதற்காக ஆண்டு முழுவதும் நிற்கப் போகிறோம் என்பதைத் திருச்சபை இளைஞர் கூட்டங்கள் முடிவு செய்யட்டும். திருச்சபைக்கு வெளியே இருக்கும் நாமும் அதே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான்.